‘தமிழகத்தின் சாப்ளின்’ என்னும் அடைமொழி: கலைவாணர் ஆய்வில் மூன்று பிழைகள்

முன்னுரை

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனைப் (1908–1957) பற்றி எழுதப்பட்டவை மிகுதி, ஆராயப்பட்டவை சில. நினைவு மலர்களிலும் மேடைப் பொழிவுகளிலும் பட்ட ஆய்வேடுகளின் முன்னுரைகளிலும் அவரைக் குறித்து மூன்று தொடர்கள் மாறாமல் இடம்பெறுகின்றன. அவர் ‘தமிழகத்தின் சாப்ளின்’ என்பது ஒன்று. ‘சிரிக்கவைத்துச் சிந்திக்கவைத்தவர்’ என்பது மற்றொன்று. ‘கொடை வள்ளல்’ என்பது மூன்றாவது. இம்மூன்றும் புகழுரைகள். புகழுரை என்ற அளவில் அவற்றோடு எவருக்கும் பகையில்லை. ஆனால் அவை ஆய்வு முடிவுகளாக எடுத்தாளப்படும்போது, ஆராய வேண்டிய பொருளை ஆராயாமல் விடுவதற்குரிய சமாதானங்களாக மாறிவிடுகின்றன. கலைவாணர் நடிகராகவும் நகைச்சுவைப் பகுதிகளின் ஆக்குநராகவும் படத்தயாரிப்பாளராகவும் இயக்குநராகவும் செயற்பட்டவர். அவர் விட்டுச்சென்றவை தமிழ்ப் பனுவல்கள். அவற்றைப் பனுவல்களாகக் கொண்டு ஆராயும் பொறுப்பு தமிழ்த்துறைகளுக்கு உண்டு. அப்பொறுப்பு தட்டிக்கழிக்கப்பட்டுள்ளது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அடைமொழியின் குறை

ஒரு மொழியின் கலைஞனை வேற்றுமொழிக் கலைஞனின் பெயரால் சுட்டுவது பெருமை சேர்க்கும் செயலாகத் தோன்றலாம். அத்தகைய அடைமொழி ஒரு கலைஞனுக்கு என்ன செய்யும் என்பதற்குப் பிரெஞ்சுத் திரைப்பட வரலாறு தக்க சான்றைத் தருகிறது. மாக்ஸ் லிண்டர் (1883–1925) போர்தோ நகருக்கு அருகில் திராட்சைத் தோட்ட உடைமையாளர் குடும்பத்தில் பிறந்து, 1905 முதல் பத்தே நிறுவனத்தின் குறும்படங்களில் நடித்தவர். பட்டுத்தொப்பியும் நேர்த்தியான உடையும் அணிந்த ‘மாக்ஸ்’ என்னும் பாத்திரத்தைத் தாமே உருவாக்கி, தாமே எழுதி, தாமே இயக்கி, முதல் உலகப் போருக்கு முன்பே உலகெங்கும் அறியப்பட்டவர். சாப்ளின் திரைக்கு வந்தது 1914இல். அவர் தம்மை லிண்டரின் மாணவர் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஆயினும் சாப்ளின் விலகிச் சென்ற எஸ்ஸனே நிறுவனம் 1916இல் லிண்டரை அமெரிக்காவுக்கு அழைத்தது, அவருக்கு மாற்றாள் வேண்டும் என்பதற்காகவே. ஆசிரியர் மாணவருக்குப் பதிலியாக நிறுத்தப்பட்டார். அங்கு அவர் எடுத்த படங்கள் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. ஒப்பீட்டால் ஒரு கலைஞன் மறைக்கப்படுவதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கலைவாணரைச் சாப்ளின் என்பார், இருவரும் ஏழ்மையில் பிறந்தவர், இருவரும் நகைச்சுவையில் சமூகக் கருத்தை வைத்தவர், இருவரும் தம் பகுதியைத் தாமே ஆக்கியவர் என்னும் மூன்று ஒற்றுமைகளைக் காட்டுவர். முதலாவது வாழ்க்கை ஒற்றுமையே. கலைக்கு அஃது அளவுகோல் ஆகாது. இரண்டாவதும் மூன்றாவதும் எண்ணற்ற நகைச்சுவைக் கலைஞர்க்குப் பொருந்துவன. வேற்றுமையோ அடிப்படையானது. சாப்ளினின் கலை பேசாப்படத்தில் பிறந்தது. பேசும்படம் வந்த பின்னும் அவர் நெடுங்காலம் பேச்சைத் தவிர்த்தார். கலைவாணருக்கு ஓர் ஆண்டு மூத்தவரான பிரெஞ்சு நடிகரும் இயக்குநருமான ழாக் தத்தி (1907–1982) பேசும்படக் காலத்திலேயே பேச்சை வெற்றொலியாகக் குறைத்து, உடலசைவாலும் பொருள்களின் ஓசையாலும் நகையை உருவாக்கினார். கலைவாணரின் நகையோ மொழியில் வேர்கொண்டது. சொல், இசை, வட்டார வழக்கு, பழங்கதையின் மறுசொல்கை ஆகியவற்றை நீக்கினால் அதில் எஞ்சுவது சிறிதே.

இவ்வேறுபாட்டை எளிய ஒரு சோதனையால் உணரலாம். வட அந்தமானில் உள்ள திக்லிபூரில் வங்காளக் குடியேறிகள் பெரும்பான்மையினர். தமிழரும் தெலுங்கரும் பிறரும் அவர்களோடு கலந்து வாழ்கின்றனர். பொதுப்பேச்சுக்கு இந்தி வழங்குகிறது. அத்தகைய ஊரில் ஒரே திரையில் சாப்ளினின் படமொன்றையும் ‘நல்லதம்பி’யையும் காட்டுவதாகக் கொள்வோம். முன்னதற்கு அவையோர் அனைவரும் ஒருங்கே நகுவர். பின்னதற்குத் தமிழறிந்தோர் நகுவர். ஏனையோர் அவர்கள் நகுவதைப் பார்த்திருப்பர். இது கலைவாணருக்குக் குறை அன்று. அவர் எந்த மரபைச் சேர்ந்தவர் என்பதை இதுவே காட்டுகிறது. மொழியின் எல்லையே தன் எல்லையாகக் கொண்ட ஒரு கலையை மொழி கடந்த ஒரு கலையின் பெயரால் அழைப்பது, அதன் உயிர்நிலையை மறுப்பதாகும். மொழியில் வேர்கொண்ட கலையை ஆராய வேண்டியவர் யாவர் என்னும் வினாவுக்கும் விடை இங்கேயே உள்ளது.

வில்லுப்பாட்டும் நாடகமேடையும்

கலைவாணரின் மூலங்களைத் தேடி இலண்டனுக்கோ ஹாலிவுட்டுக்கோ செல்ல வேண்டுவதில்லை. அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த அவர் வில்லுப்பாட்டு வழங்கும் மண்ணில் வளர்ந்தவர். அக்கலையைத் தாமே பயின்று பாடியவர். பின்னர் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் பயிற்சி பெற்றார். ‘மேனகா’ (1935), ‘சதிலீலாவதி’ (1936) ஆகிய படங்களின் வழியே திரைக்கு வந்தார்.

வில்லுப்பாட்டின் அமைப்பை அறிந்தோர் கலைவாணரின் திரை நகைச்சுவையின் அமைப்பை எளிதில் இனங்காண்பர். வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகர் கதை சொல்வார். உடனிருப்போர் ‘ஆமாம்’ போட்டும் இடைமறித்தும் ஐயம் எழுப்பியும் கதையை முன்செலுத்துவர். அறியாதவர் போல வினவும் ஒருவரும் விளக்கும் ஒருவரும் அங்குண்டு. கலைவாணரும் டி.ஏ. மதுரமும் இணைந்து தோன்றும் காட்சிகளின் உரையாடல் பெரிதும் இவ்வமைப்பினது. ஒருவர் கூற்றை மற்றவர் வாங்கித் திருப்புகிறார், பாட்டு உரையாடலாகிறது, உரையாடல் பாட்டாகிறது. காந்தியடிகளின் வரலாற்றை அவர் வில்லிசையாகப் பாடியதும், பின்னாளில் வில்லிசைக்கே தம் வாழ்வை அளித்த சுப்பு ஆறுமுகத்தைச் (1928–2022) சென்னைக்கு அழைத்துவந்ததும் அம்மரபோடு அவர் கொண்டிருந்த தொடர்பு அறாதிருந்தமைக்குச் சான்றுகள். நாட்டார் வழக்காற்றியலைப் பாடமாகக் கொண்ட தமிழ்த்துறைகள் வில்லுப்பாட்டைக் கோயில் முற்றத்தில் ஆராய்ந்து, அது திரையரங்கினுள் நுழைந்தவுடன் பின்தொடராமல் நின்றுவிட்டது வியப்புக்குரியது.

நந்தன் கதையும் கிந்தன் கதையும்

‘சிரிக்கவைத்துச் சிந்திக்கவைத்தவர்’ என்னும் இரண்டாம் தொடர் நகையையும் சிந்தனையையும் இரண்டாகப் பிரிக்கிறது. நகை இனிப்பாகவும் கருத்து மருந்தாகவும் கொள்ளப்படுகின்றன. இப்பிரிப்பு ஏற்கப்பட்டவுடன் ஆய்வாளரின் பணி எளிதாகிவிடுகிறது. மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு, கல்வி, சிக்கனம் என்று கருத்துகளைப் பட்டியலிட்டு ஆய்வை முடித்துவிடலாம். நகை எவ்வாறு உருவாகிறது என்னும் வினா எழுவதேயில்லை.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இருவகைப்படுத்துகிறது. இக்கருவிகள் சங்கப் பாடல்களுக்கும் காளமேகத்துக்கும் பயன்படுத்தப்படுகின்றன. கலைவாணரின் பனுவல்களுக்கும் அவை பொருந்தும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் நிறுவலாம்.

1949இல் வெளியான ‘நல்லதம்பி’ சி.என். அண்ணாதுரை எழுதி, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய படம். அமெரிக்கப் படம் ஒன்றைத் தழுவியது. அதில் கலைவாணர் கதாகாலட்சேபப் பாகவதராக அமர்ந்து ‘கிந்தனார்’ கதையை நிகழ்த்துகிறார். பாடல்கள் உடுமலை நாராயணகவியுடையவை. இது கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையின் நேரடி எதிர்ப்பாடம். சுந்தரரின் திருத்தொண்டத் தொகையில் பெயரளவில் குறிக்கப்பெற்ற திருநாளைப்போவார், நம்பியாண்டார் நம்பியிடம் சிறிது விரிந்து, சேக்கிழாரிடம் முழுக் கதையாகி, 19ஆம் நூற்றாண்டில் பாரதியாரிடம் வேதியர் என்னும் நிலவுடைமைப் பாத்திரத்தையும் பெற்றார். 1935இல் கே.பி. சுந்தராம்பாளும் 1942இல் எம்.எம். தண்டபாணி தேசிகரும் நந்தனாராகத் திரையில் நடித்தனர். இவ்வரிசையில் அடுத்து நிற்பது கிந்தனார்.

வேறுபாடுகள் கூர்ந்து நோக்கத்தக்கன. நந்தன் செல்ல விழைவது தில்லைக்கு. கிந்தன் செல்வது நகரத்துக்கு. நந்தனின் செலவு நாளை நாளை என்று தள்ளிப்போகிறது. கிந்தன் இரயிலேறிச் செல்கிறான். எல்லாச் சாதியினரும் ஒரே தொடரில் அமர்ந்து செல்லும் இரயில் வண்டியே அக்கதையில் அற்புதத்தின் இடத்தைப் பெறுகிறது. நந்தன் தீயில் மூழ்கி வேதியர் வடிவம் பெற்ற பின்னரே கோயிலுக்குள் ஏற்கப்படுகிறான். கிந்தன் படித்துத் தேறி அதிகாரியாக ஊர் திரும்புகிறான். அவன் உடல் மாற வேண்டுவதில்லை. நகை எங்கே பிறக்கிறது? பக்திக்குரிய காலட்சேப வடிவம் சிறிதும் குலையாமல் நிற்க, அதனுள் இரயில் நிலையமும் பள்ளித் தேர்வும் வந்து அமர்வதில் பிறக்கிறது. வடிவத்தின் பெருமிதத்துக்கும் பொருளின் அன்றாடத் தன்மைக்கும் இடையிலுள்ள இழுப்பே எள்ளலாகிறது. சிந்தனை அதனின் வேறாக இல்லை. நந்தன் கதையை அறியாதவர்க்கு இந்நகை இல்லை. ஆதலின் சிந்தனையும் இல்லை.

இப்பனுவலுக்குக் குறையும் உண்டு. இழிவுபடுத்தும் சமூக அமைப்பு அப்படியே நிற்க, ஒருவன் பதவி பெற்றதும் கதை முடிவடைகிறது. கிந்தன் தப்பிக்கிறான், சேரி தப்பவில்லை. இக்குறையைக் கூறுவதற்கும் முதலில் பனுவலைப் படிக்க வேண்டும். ‘தீண்டாமையைச் சாடினார்’ என்னும் ஒற்றை வரியோடு நிறுத்துவோர் அதன் சிறப்பையும் அறியார், குறையையும் அறியார்.

தீவாந்தரமும் திரும்புதலும்

கலைவாணரின் வாழ்வில் பெரும் முறிவாக அமைந்தது இலட்சுமிகாந்தன் கொலைவழக்கு. ‘இந்து நேசன்’ இதழாசிரியர் சி.என். இலட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னையில் குத்தப்பட்டு இறந்தார். அவ்வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் 1945 மே மாதத்தில் தீவாந்தர தண்டனை பெற்றனர். சென்னை உயர்நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. இலண்டன் பிரிவி கவுன்சில் வழக்கை மறு விசாரணைக்குத் திருப்பியனுப்ப, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டனர்.

‘தீவாந்தரம்’ என்னும் சொல் தமிழர் மனத்தில் அந்தமானையே குறித்து நின்றது. கு.சா. கிருஷ்ணமூர்த்தியின் ‘அந்தமான் கைதி’ நாடகமும் 1952இல் வந்த அதன் திரைவடிவமும் அப்பொருளை நிலைப்படுத்தின. இச்சொல்லைப் படிக்கும் இன்றைய மாணவர் கலைவாணர் கடல் கடந்து அனுப்பப்பட்டார் என்று எண்ணக்கூடும். 1942 மார்ச்சு முதல் 1945 அக்டோபர் வரை அந்தமான் ஜப்பானியர் வசம் இருந்தது. 1945 மே மாதத்தில் எந்தச் சென்னைக் கைதியையும் அங்கு அனுப்ப இயலாது. தண்டனையின் பெயர் மட்டும் சட்டப் புத்தகத்தில் நின்றது. 1955ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமே அதனை ஆயுள் சிறையாக மாற்றியது. கைதிகளின் கரையாகவே தமிழிலக்கியம் அறிந்த அத்தீவுத் தொகுதியின் வடகோடியில், திக்லிபூரில், விடுதலைக்குப் பின் உழவர் குடும்பங்கள் காடு திருத்தி ஊரமைத்தன. சொல் ஒன்றாக நிற்க, பொருள் மாறிவிட்டது. சொல்லின் வரலாறு அறியாமல் வாழ்க்கை வரலாறு எழுதலாகாது என்பதற்கு இஃது ஒரு சிறு சான்று.

வழக்கைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அதன் மர்மத்தில் நின்றுவிடுகின்றன. கலை வரலாற்றுக்கு அதனினும் முதன்மையானது, அவர் சிறையில் இருந்தபோது அக்கலை யாரால் தாங்கப்பட்டது என்பது. டி.ஏ. மதுரம் எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு என்.எஸ்.கே. நாடக சபையை நடத்தினார். ‘பைத்தியக்காரன்’ நாடகமாக மேடையேறி, 1947இல் படமாகவும் வந்தது. விடுதலையான கலைவாணர் அப்படத்தில் தோன்றியபோது, தம் சிறைவாழ்வையே நகைப்பொருளாக்கிக் கொண்டார். தன்னையே எள்ளற்பொருளாக்கும் இத்துணிவு தமிழ் நகைச்சுவை வரலாற்றில் தனியே ஆராயத்தக்கது. ஆனால் மதுரம் (மறைவு 1974) இன்றளவும் ‘கலைவாணரின் துணைவியார்’ என்னும் ஒரு தொடரில் அடக்கப்படுகிறார்.

இயக்குநர் கலைவாணர்

கலைவாணர் இயக்கிய படங்கள் ‘மணமகள்’ (1951), ‘பணம்’ (1952) ஆகியன. இரண்டுக்கும் உரையாடல் மு. கருணாநிதி. ‘மணமகள்’ முன்ஷி பரமுபிள்ளையின் மலையாள நாடகத்தைத் தழுவியது. பத்மினியையும் லலிதாவையும் முதன்மைப் பாத்திரங்களில் நிறுத்தியது. ‘பணம்’ ‘பராசக்தி’யை அடுத்து வந்த சிவாஜி கணேசனின் படம், விசுவநாதன்–ராமமூர்த்தி இணையாக இசையமைத்த முதற்படம். இத்தகவல்கள் பிறருடைய வரலாறுகளில் அடிக்குறிப்புகளாக வருகின்றன. பத்மினி வரலாற்றில் ‘மணமகள்’ உண்டு. மெல்லிசை வரலாற்றில் ‘பணம்’ உண்டு. இயக்குநர் கலைவாணர் என்னும் தலைப்பில் மட்டும் அவை காணப்படுவதில்லை.

‘பணம்’ படத்தில் அவர் பாடும் ‘தினா முனா கானா’ பாடல் தனிக் கவனம் பெறத்தக்கது. செவிக்கு அவ்வெழுத்துகள் 1949இல் தோன்றிய கட்சியின் பெயர்ச்சுருக்கம். பாடலோ அவற்றைத் ‘திருக்குறள் முன்னணிக் கழகம்’ என விரிக்கிறது. பழிகரப்பு அங்கதத்தில் பழி கரந்து நிற்கும். இங்குச் சார்பு கரந்து நிற்கிறது. கரத்தல் என்னும் உத்தி ஒன்றே. அதன் பயன் வேறு. கேட்போர் இரண்டையும் ஒருசேர அறிவர் என்னும் உறுதியின்மேல்தான் நகை எழுகிறது. ‘ராஜா ராணி’ (1956) படத்தில் சிரிப்பின் வகைகளைப் பாடலாக்கி, ஒவ்வொன்றையும் நிகழ்த்தியும் காட்டினார். மெய்ப்பாட்டியல் கற்பிக்கும் வகுப்பறைக்கு இதனினும் ஏற்ற எடுத்துக்காட்டு அரிது.

தடைகளும் விடைகளும்

இவ்வாதத்துக்கு மூன்று தடைகள் எழுப்பப்படலாம். திரைப்படம் இலக்கியமன்று, ஆதலின் தமிழ்த்துறையின் எல்லைக்கு உட்பட்டதன்று என்பது முதல் தடை. நாடகத்தை முத்தமிழுள் ஒன்றாகப் போற்றுவோர், நாடகமேடையிலிருந்து நேராகத் திரைக்கு வந்த பனுவலை விலக்குவது முரண். எஸ். தியடோர் பாஸ்கரன், கா. சிவத்தம்பி போன்றோர் தமிழ்த் திரைப்படத்தை வரலாற்று நோக்கிலும் அரசியல் தொடர்பியல் நோக்கிலும் ஆராய்ந்து வழி காட்டியுள்ளனர். மொழிநோக்கிலான ஆய்வு பிறர் செய்ய இயலாதது. தமிழ்த்துறையினரே செய்ய வேண்டியது.

கலைவாணரின் பகுதிகளைப் பிறரும் எழுதினர். அவரை ஆசிரியர் எனல் எங்ஙனம் என்பது இரண்டாம் தடை. இது பொருளுடைய தடை. உடுமலை நாராயணகவி, சுப்பு ஆறுமுகம், அண்ணாதுரை, கருணாநிதி, மதுரம் ஆகியோரின் பங்கைக் குறைத்துக் கலைவாணரை உயர்த்துதல் நேர்மையன்று. ஆயின் வழிவழியாகப் பலர் கைப்பட்டு வளர்ந்த கதைப்பாடல்களையும் அம்மானைகளையும் பதிப்பித்த துறைக்குக் கூட்டாக்கம் புதிய சிக்கல் அன்று. யார் பங்கு எது என்பதை ஆய்ந்து பிரிப்பதே ஆய்வு. படக்கதையோடு ஒட்டாமலும் நிற்கவல்ல தனிப்பகுதிகளை ஆக்கித் தந்து, அவற்றின் மையமாக நின்றவர் கலைவாணர் என்பதை அத்தடை மறுக்கவில்லை.

மூலங்கள் கிடைக்கவில்லை என்பது மூன்றாம் தடை. இதுவே உண்மையில் அஞ்சத்தக்கது. முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) இன்று இல்லை. தமிழ்ப் பேசாப்படங்கள் ஏறத்தாழ முழுமையாக அழிந்தன. கலைவாணர் காலத்துப் படங்களிலும் எஞ்சியவற்றுள் பல, வெட்டுண்ட படிகளாகவே கிடைக்கின்றன. கதையைச் சுருக்க வேண்டியபோது முதலில் வெட்டுவதற்கு எளிதாக இருப்பது நகைச்சுவைப் பகுதியே. இங்கு லிண்டரின் வரலாற்றுக்கு மீண்டும் செல்லலாம். அவரும் மனைவியும் 1925இல் இறந்தபோது மகள் மோத் லிண்டர் கைக்குழந்தை. தந்தையின் முகத்தை அறியாத அம்மகள், சிதறிக் கிடந்த படச்சுருள்களைப் பல ஆண்டுகள் தேடித் திரட்டி, 1963இலும் 1983இலும் அவற்றைத் தொகுத்துப் படங்களாக வெளியிட்டார். சாப்ளினின் முன்னோடி என்னும் அடிக்குறிப்பிலிருந்து லிண்டர் மீண்டது அதன் பின்னரே. தமிழுக்கு இச்செய்தி புதிதன்று. ஊர் ஊராக ஏடு தேடி 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையரின் மரபு இது. மூலம் கிடைக்கவில்லை என்று எழுதுவதற்கு முன் தேடியிருக்க வேண்டும் என்பதே அம்மரபு கற்பிக்கும் ஒழுக்கம்.

‘கொடை வள்ளல்’ என்னும் தொடருக்கு இங்கு விரிவான மறுப்பு வேண்டுவதில்லை. அவர் ஈகை உண்மையே. ஆனால் ஒரு புலவரின் ஈகையைப் பாடிவிட்டு அவர் பாடலைப் படிக்காமல் விடும் ஆய்வை எவரும் ஏற்பதில்லை. சென்னையில் அவருக்குச் சிலை உண்டு. அவர் பெயரில் அரசு அரங்கம் உண்டு. அவர் பகுதிகளுக்குச் செம்பதிப்பு இல்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன:

1. ‘தமிழகத்தின் சாப்ளின்’ என்னும் அடைமொழி மொழியில் வேர்கொண்ட கலையை மொழி கடந்த கலையாகத் திரித்துக் காட்டுகிறது. ஆய்வேடுகளில் அதனை விலக்குதல் நன்று.

2. நகையையும் கருத்தையும் பிரித்துப் பட்டியலிடும் முறை கைவிடப்பட வேண்டும். மெய்ப்பாட்டியல், அங்கதம், வில்லுப்பாட்டு, காலட்சேபம் ஆகிய தமிழ்க் கருவிகளே இப்பனுவல்களுக்கு முதற்கருவிகள்.

3. ‘கிந்தனார்’ நந்தன் கதை மரபின் ஒரு கண்ணியாக அம்மரபின் பாடத்திட்டத்தில் இடம்பெறத்தக்கது.

4. டி.ஏ. மதுரத்தின் பங்கு தனி ஆய்வுக்குரியது.

5. எஞ்சியுள்ள படச்சுருள், இசைத்தட்டு, பாட்டுப் புத்தகம் ஆகியவற்றை ஒப்பிட்டு, பாடவேறுபாடுகளோடு கூடிய பதிப்பு ஒன்றைத் தமிழ்த்துறைகள் கூடி மேற்கொள்ள வேண்டும்.

இவற்றுள் ஐந்தாவதே உடனடியானது. ஏனைய நான்கும் காத்திருக்கக்கூடும், படச்சுருள் காத்திராது.